தரம் பிரிப்பவன் வீட்டு அட்டைப்பெட்டி

பொய்கைச் சந்தையில்
இருபத்து நாலு என்று எண்ணிக் கொடுத்தான்.
பேரணாம்பட்டு வந்து பிரித்தால் இருபத்து மூன்று.
ஒன்று பஸ்ஸில் பறந்துபோச்சு என்றாள் கலாவதி.
பறக்கிற வயசா,
பிறந்து பத்து நாள்.

பழைய டிவி வந்த அட்டைப்பெட்டி.
நூறு வாட் குண்டு பல்பு.
மேலே தகரம், மாசம் மே.
வேலூர் வெயிலில் குஞ்சுக்குக் கணப்புப் போட்டவன் என்று
தெருவில் எனக்குப் பேர் வந்தது அப்புறம்தான்.

ஐந்தாம் நாள் காலை சத்தம் வேறு மாதிரி.
கூட்டமாய் வரும் கீச்சு இல்லை,
ஒரே ஒரு கீச்சு.
வாலடியில் மிளகளவு சிவப்போடு
மூலையில் ஒன்று.
அதைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள்,
பந்தியில் கடைசி வடையைப் பார்ப்பதுபோல.

நான் தோல் தரம் பிரிக்கிறவன்.
பதினாறு வருஷமாக
ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறேன்:
உண்ணி கடித்த புள்ளி,
முள்கம்பி இழுத்த கோடு,
கொம்பு பட்டு ஆறிய வடு.
உயிரோடிருந்தவரை மயிர் மறைத்ததை எல்லாம்
சுண்ணாம்புக் குழி சொல்லிவிடும்.
விரலால் தடவிச் சாக்கட்டியால்
நாலு, ஐந்து, ஒதுக்கு என்று எழுதுவேன்.
எப்படிப் பட்டது என்று
ஒரு தோலையும் கேட்டதில்லை.

அடிபட்டதை எடுத்துத் தனியாக வைத்தோம்.
வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து
கலாவதி தடவினாள்.
மூன்று நாள் கழித்து உள்ளே விட்டால்
இருபத்திரண்டும் திரும்பிப் பார்த்தன,
யாரோ புதுசு வந்திருக்கிறாள்,
அதுவும் மஞ்சள் பூசிக்கொண்டு.
இந்தத் தடவை கழுத்து.

“அடிச்சத வுட்டுட்டு
அடிபட்டத இன்னாத்துக்குத் தனியா வெக்கற?”
கேட்டுவிட்டு அவள் தண்ணி பிடிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பெட்டியோரம் உட்கார்ந்தேன்.
நான் சந்தேகப்பட்டது பெரிய செவலையை.
அது பாவம், தின்று தின்று தூங்குகிறது.
சாம்பல் நிறத்தில் ஒரு பொடிசு
பின்பக்கமாக வரும்,
ஒரு இறகை இழுக்கும்,
சேமியா மாதிரி விழுங்கும்,
பிறகு வேறு பக்கம் பார்த்து நிற்கும்.
ரத்தம் தெரிந்ததும் மற்றதெல்லாம் சேர்ந்துகொள்ளும்.
செவலையும்தான், தூக்கத்திலிருந்து எழுந்து வந்து.

சாம்பலைத் தூக்கி வாளியில் போட்டேன்.
பகலில் பல்பு கிடையாது.
ராத்திரிக்கு, போன வருஷம் கெங்கையம்மன் திருவிழாவில்
வாசலில் கட்டிய சிவப்பு பல்பு.
எல்லாமே சிவப்பானால் ரத்தம் தெரியாது.
இன்னொரு பெட்டியை ஒட்டி வைத்து நடுவில் வாசல் வெட்டினேன்.
முருங்கைக்கீரையை நூலில் தொங்கவிட்டேன்,
கொத்துவதென்றால் இதைக் கொத்துங்கள்.

வாளிக்குள் சாம்பல் விடிய விடியக் கத்தியது.
அதே ஒற்றைக் கீச்சு.
எடுத்து உள்ளங்கையில் வைத்தால்
எலுமிச்சம்பழ எடைகூட இல்லை.

மூன்றாம் நாள் திரும்ப விட்டபோது
செவலை வந்து தலையில் ஒரு போடு போட்டது.
சாம்பல் தண்ணித் தட்டுக்குப் பின்னால் போய் நின்றது.
நான் தடுக்கவில்லை.
தடுத்திருக்கணுமோ என்னவோ.

மஞ்சள்காரிக்குக் கழுத்தில்
ஊசி ஊசியாய்ப் புது இறகு.
இதுவரை ஒன்றும் செய்யாத ஒரு கறுப்பு
அதையே உற்றுப் பார்க்கிறது.
கீரையை ஆட்டினேன்.
கீரையைப் பார்த்தது.
இன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் ஷெட்டில் ஒரு தோல்,
கழுத்தோரம் ஆறிப்போன சின்ன வடு.
சாக்கட்டி கொஞ்சம் நின்றது.
ஐந்து என்றுதான் எழுதினேன்.

அன்று ராத்திரி கரண்ட் போனது.
எண்ணுவதற்குப் பெட்டிக்குள் கைவிட்டேன்.
வெதுவெதுவென்று ஒரே குவியல்.
விரலில் ஒரு வழுக்கைக் கழுத்து தட்டியது,
அதன்மேல் இன்னொன்றின் தலை.
யாருடையது என்று பார்க்க
டார்ச் எடுக்கணும்.
எடுக்கவில்லை.